மேல்பாதி, கீழ்பாதி

பிப்ரவரி 10, திங்கள்

கோர்ட் வாரண்ட் கைக்கு வந்துவிட்டது. ஊத்துக்கரடு என்ற ஊரில் ஒரு கரட்டுக்காட்டை, அதாவது பாறைக் குன்றில் உள்ள புன்செய் நிலத்தை அளந்து, எது மேல்பாதி, எது கீழ்பாதி என்று வரைபடம் போட்டுக் கொடுக்க வேண்டும். கோர்ட் சார்பில் இடத்தைப் பார்க்கும் கமிஷனராகப் போகிறவர் வக்கீல் பிரிட்டோ. அவருக்கு அளந்து கொடுக்கும் லைசென்ஸ் சர்வேயர் நான், சுலோசனா. கோர்ட் வேலை என்றால் அன்றன்றைக்கு நடந்ததை எழுதி வைத்துவிடுவேன். ஆறு மாதம் கழித்துக் கூண்டில் ஏற்றி, அன்னைக்கு மழையா வெயிலா என்று கேட்கிற வக்கீல்கள் நம் ஊரில் நிறைய.

வழக்கு இதுதான். காளியண்ணன், நாச்சிமுத்து என்று அண்ணன் தம்பி. 1968இல் பாகம் பிரித்தார்கள். கரட்டுக்காட்டில் மேல்பாதி தம்பிக்கு, கீழ்பாதி அண்ணனுக்கு. பிரித்த கையோடு அண்ணன் பிழைப்புக்கு வடக்கே போய்விட்டார். தம்பியும், அவருக்குப் பிறகு அவர் மகள் அத்தாயியும் மொத்தக் காட்டையும் பாடுபட்டு, அண்ணன் பாதிக்குக் குத்தகை அனுப்பி வந்தார்கள். ஆகவே யார் எந்தப் பாதியில் இருந்தார்கள் என்று அனுபவித்து வந்ததை வைத்துச் சொல்ல வழியில்லை. போன வருடம் அண்ணன் மகன் தன் பாதியை ஈரோட்டுப் பொன்னுரங்கத்துக்கு விற்றுவிட்டான். அவர் அங்கே சுற்றுலா விடுதி கட்டப்போகிறார். அத்தாயியின் வீடும் ஊற்றும் இருப்பது தன் பாதியில்தான், காலி செய் என்று வழக்குப் போட்டிருக்கிறார். அத்தாயி, அது என் பாதி, போடா என்கிறார்.

குக்கர் வாஷர் போய்விட்டது. வாங்க வேண்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

இரண்டு பத்திரத்தையும் உட்கார்ந்து படித்தேன். பழையதில் "மேல்பாதி", "கீழ்பாதி" என்றுதான் இருக்கிறது. போன வருட விற்பனைப் பத்திரத்தில் "கீழ்பாதி" போய் "கிழக்குப்பாதி" என்று வந்திருக்கிறது. வீடும் ஊற்றும் இருப்பது கிழக்கில். ஆக, வழக்கு மொத்தமும் இந்த ஒரு சொல் மாறியதில் நிற்கிறது.

கடைசிப் பக்கம் திருப்பினேன். பத்திரம் எழுதியவர், தெய்வசிகாமணி. என் வீட்டுக்காரர்.

சாப்பிடும்போது கேட்டேன். "ஏனுங்க, ஊத்துக்கரட்டுப் பத்திரம் நீங்க எழுதுனதா?"

"ஆமா. ஏன்?"

"பழசுல கீழ்பாதின்னு இருக்குது. நீங்க கிழக்குன்னு போட்டிருக்கறீங்க."

"கீழ்னா கிழக்குத்தானே சுலோ. கீழவீதி, மேலவீதி. இப்பல்லாம் பதிவுக்குப் போனா திசையைச் சுத்தமா எழுதச் சொல்றாங்க. பழைய பாஷைய அப்படியே எழுதுனா திருப்பித்தான் கொடுப்பாங்க." ரசத்தை ஊற்றிக்கொண்டார். "இருபத்தாறு வருசம். என் பத்திரம் ஒண்ணுகூட கோர்ட்டுல தோத்ததில்ல."

அவர் சொன்னது சரிதான். நானும் பத்திரத்தில் கீழ்புறம் என்றால் கிழக்கு, மேல்புறம் என்றால் மேற்கு என்றுதான் இத்தனை வருடமும் படித்திருக்கிறேன். சர்வே படிக்கும்போது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதுதான்.

பிப்ரவரி 14, வெள்ளி

பத்திரம் எழுதியவர் என் கணவர், ஆட்சேபணை இருந்தால் வேறு சர்வேயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதி நீதிபதியிடம் கொடுத்துவிட்டேன். நீதிபதி சின்ன வயதுப் பெண். படித்துவிட்டு இரண்டு பக்கத்து வக்கீலையும் பார்த்தார். அத்தாயியின் வக்கீல், "அந்தம்மா நேர்மையானவங்க, இருக்கட்டுங்கம்மா" என்றார். பொன்னுரங்கத்தின் வக்கீல் சடகோபன் எழுந்து, ஆட்சேபணை இல்லை என்றவர், வெளியே வந்ததும் என்னிடம் சிரித்தார்.

"நல்லதாப் போச்சுங்க மேடம். எழுதுனது ஐயா, அளக்கிறது அம்மா. குடும்பத்துக்குள்ள ரெண்டு பேச்சு வராது பாருங்க."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இந்தாள் என்னை என்னவென்று நினைத்தார்?

பிப்ரவரி 17, திங்கள்

இன்று அளவை. விடியும்போதே போய்விட்டோம். ஓடை வரைக்கும்தான் வண்டி போகிறது. அங்கே நிறுத்திவிட்டு நான், பிரிட்டோ, அளவைக் கருவிக்குக் கண்ணாடிக் கோல் பிடிக்கிற ஆரோக்கியம் மூவரும் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். நல்ல செங்குத்து. பாதி ஏறியதுமே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. நின்று நிமிர்ந்து பார்த்தால், கரட்டு உச்சியிலிருந்து சூரியன் நேராக என் கண்ணில் அடிக்கிறது.

உச்சியிலிருந்து சூரியன் வருகிறது என்றால் உச்சி கிழக்கே இருக்கிறது. இந்தக் கரடு மேற்கே பார்த்துச் சரிகிறது.

அப்படியே நின்றுவிட்டேன். நம் சீமையில் தண்ணீர் மேற்கு மலையில் பிறந்து கிழக்கே கடலுக்கு ஓடுகிறது. மேற்கு என்றாலே மேடு, கிழக்கு என்றாலே பள்ளம். அதனால்தான் மேல் என்பதற்கு மேற்கு என்றும், கீழ் என்பதற்குக் கிழக்கு என்றும் பொருள் வந்து ஒட்டிக்கொண்டது. யாருக்கும் இதுவரை தொந்தரவு இல்லை. இந்தக் கரட்டில் மட்டும் எல்லாம் தலைகீழ். இங்கே மேட்டுப்பாதி கிழக்கில் இருக்கிறது, தாழ்ந்த பாதி மேற்கில் இருக்கிறது. மேல்பாதி என்று எழுதினவர் உயரத்தை நினைத்து எழுதினாரா, திசையை நினைத்து எழுதினாரா?

உயரம் என்றால் வீடும் ஊற்றும் அத்தாயிக்கு. திசை என்றால் பொன்னுரங்கத்துக்கு.

அத்தாயி வாசலில் மரவள்ளிக் குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து எழுந்தார்.

"நீ யாரு, பொன்னுரங்கத்து ஆளா?"

"இல்லீங்க. கோர்ட்டு ஆளு."

"கோர்ட்டு யாரு ஆளு?"

பிரிட்டோ சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக, "அளந்து முடிச்சதுக்கப்புறம் சொல்றனுங்கக்கா" என்றேன். ஆனாலும் ஊற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்தார். அவர் எது மேல்காடு எது கீழ்காடு என்று கை நீட்டிக் காட்டியதை நான் குறிக்கவில்லை. வழக்கில் இருப்பவர் பேச்சு எனக்கு ஆதாரம் ஆகாது.

வேடிக்கை என்னவென்றால், நடுக்கோட்டில் யாருக்கும் சண்டை இல்லை. வடக்குத் தெற்காக நடுவில் ஒரே கோடு. சரிபாதி. கருவி தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது. கோட்டுக்கு எந்தப் பக்கம் எந்தப் பெயரை எழுதுவது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது.

பிப்ரவரி 19, புதன்

பத்திரத்தை வரி வரியாகப் படித்தேன். எழுதினவர் அடிவாரத்துக் கணக்குப்பிள்ளை.

அத்தாயிக்குச் சாதகமான விஷயம்: நான்கு எல்லை சொல்லும் இடத்தில் "கிழக்கில் பாறை, மேற்கில் ஓடை" என்று அழகாக எழுதியிருக்கிறார். அந்த மனிதருக்குக் கிழக்கும் மேற்கும் தெரியும். அடுத்த வரியிலேயே பாகம் சொல்லும்போது மேல், கீழ் என்று மாற்றியிருக்கிறார். திசை சொல்ல நினைத்திருந்தால் திசைச் சொல்லையே போட்டிருப்பார்.

பாதகமான விஷயம்: அதே பத்திரத்தில் முதல் சொத்து ஒரு வயல். அதையும் "மேல்பாதி தம்பிக்கு, கீழ்பாதி அண்ணனுக்கு" என்றே பிரித்திருக்கிறார். வயல் உள்ளங்கை மாதிரி சமதளம். அங்கே மேல்பாதி என்று தம்பி வைத்திருந்தது மேற்குப்பாதி. அதில் யாருக்கும் தகராறு இல்லை. ஒரே பத்திரத்தில் ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வரலாமா? வரக்கூடாது என்பதுதான் பத்திரம் படிக்கிறவர்கள் வைத்திருக்கும் விதி.

கடைசியில் ஒரு வரி: "மேல்பாதிக்காரர் கீழ்பாதிக்குத் தண்ணீர் தடையின்றி விடவேண்டியது." இது கரட்டுக்கா, வயலுக்கா என்று சொல்லவில்லை. சடகோபன் வயலுக்கு என்பார்.

முதல் சொத்தைப் பற்றிக் கேட்டால் சொல்ல எனக்கு இன்று பதில் இல்லை.

பிப்ரவரி 22, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொல்லாமல் அறிக்கை கொடுத்துவிட்டு, கோர்ட்டில் வைத்து அவருக்குத் தெரிவது சரியில்லை.

"நீங்க அந்தக் காட்டைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குப் பாக்கோணும்? பத்திரம் எழுதறவன் பத்திரத்தைப் பாத்து எழுதறான். காட்டைப் பாக்கறது உங்க ஆளுங்க வேலை."

"அங்க கிழக்கு மேடுங்க."

"இருக்கட்டும். கோட்டைப் போட்டு வடக்கு தெற்கு காட்டிக் கொடுத்துட்டு வா. பேரு எழுதறது கோர்ட்டு வேலை. உனக்கு எதுக்கு அந்த வம்பு?"

"வாரண்டுல பாதியை அடையாளம் காட்டுன்னு போட்டிருக்குது."

"காட்டுனா என்ன ஆகும் தெரியுமா? பத்திரம் தப்புன்னு ஆகும். பொன்னுரங்கம் எம்மேல கேஸ் போடுவான். பதிவு ஆபீஸ் வாசல்ல எனக்கு ஒருத்தன் பத்திரம் கொடுக்க மாட்டான். ஊரெல்லாம் சொல்லும், பொண்டாட்டியே புருசன் எழுத்தைத் தப்புன்னு சொல்லிட்டாள்னு." தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். "நீ என்ன, அத்தாயிக்குச் சொந்தமா?"

"இல்லீங்க."

"எனக்குச் சொந்தமில்லையா?"

 தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

மார்ச் 3, திங்கள்

வீட்டுக்காரர் தன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே ஓடு மாற்றுகிறார்களாம், மேற்பார்க்க ஆள் வேண்டுமாம். அங்கிருந்தே பத்திரம் எழுதும் கடைக்குப் போய் வந்துவிடலாம், பஸ் வசதி இருக்கிறது. நான்கு சட்டை எடுத்துக்கொண்டார்.

மாவு அரைத்தேன். பழக்கத்தில் இரண்டு பேருக்கு ஊறப்போட்டுவிட்டேன். மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

மார்ச் 6, வியாழன்

பிரிட்டோ போன் செய்தார். நல்ல பையன், ஆனால் பயந்தவர்.

"அக்கா, ஒரு யோசனை. மேல்பாதி கீழ்பாதின்னே போட வேண்டாம். ஏ பகுதி, பி பகுதின்னு போட்டு ரெண்டுக்கும் விஸ்தீரணம் கொடுத்துருவோம். நமக்கு எதுக்கு?"

"ஏ பகுதில ஒரு பொம்பள அடுப்பு வெச்சிருக்கறா பிரிட்டோ. அது ஏ பகுதி ஆயிருமா?"

"அப்படியில்லக்கா..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லாம ஒதுங்கிக்கறதுக்குப் பேரு நடுநிலை இல்ல. நான் எழுதறேன். உனக்கு ஒப்பு இல்லைன்னா நீ தனியா எழுதிக் கொடு."

 பிறகு, "நீங்களே எழுதுங்கக்கா, நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார். போனை வைத்த பிறகுதான் நான் கத்திப் பேசியிருக்கிறேன் என்று தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மார்ச் 8, சனி

மாலையில் பொன்னுரங்கமே வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, ஆப்பிள் பை. மரியாதையான மனிதர்தான்.

"உங்க வீட்டுக்காரருக்குத்தாங்க நான் வருத்தப்படறேன். நல்ல மனுசன். இந்தப் பத்திரம் கெட்டுப்போனா அவரைத்தான் நான் புடிக்கோணும், வேற வழியில்லை."

"புடிச்சுக்கங்க."

"என்னங்க இப்படிச் சொல்றீங்க?"

"தப்பு இருந்தா புடிக்க வேண்டியதுதானே? அதுக்காக ஒரு வீட்டை இடிக்க முடியாதுங்க. ஆப்பிளை எடுத்துக்கங்க, கோர்ட்டு வேலைல இருக்கறப்ப நான் யார் வாங்கிக் கொடுத்ததையும் சாப்பிடறதில்லை."

போய்விட்டார்.  காபி போட்டுக் குடித்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

மகள் யாழினி கோயமுத்தூரிலிருந்து பேசினாள். பரீட்சை, ஹாஸ்டல் சாப்பாடு என்று என்னென்னவோ பேசிவிட்டு, "அம்மா, அப்பா எப்ப வீட்டுக்கு வர்றாரு?" என்றாள்.

"ஓடு மாத்தி முடிஞ்சதும் வருவாரு."

"அத்தை வீடு காங்கிரீட் மெத்தை வீடும்மா. அங்க ஏது ஓடு?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

மொட்டை மாடியைக் கழுவினேன். வெயில் காலம் வருகிறது, வடகம் போட வேண்டும். வாளியை மூலையில் கவிழ்த்தால் தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓடாமல் நடுவிலேயே தேங்கி நிற்கிறது. மேஸ்திரி வாட்டம் சரியாக வைக்கவில்லை. இரண்டாவது வாளியை எந்தப் பக்கமிருந்து ஊற்றுவது என்று பார்த்துக்கொண்டு நின்றபோது பொறி தட்டியது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு இறங்கி வந்து பத்திரத்தை எடுத்தேன்.

வயலுக்கு வாய்க்கால் மேற்கிலிருந்து வருகிறது. தண்ணீர் முதலில் பாய்வது மேற்குப்பாதி. அது மேல்பாதி. கரட்டில் ஊற்று கிழக்கே உச்சியில் இருக்கிறது. தண்ணீர் முதலில் பாய்வது கிழக்குப்பாதி. அதுவும் மேல்பாதி. இரண்டு இடத்திலும் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். தண்ணீர் வருகிற பக்கம் மேல், போகிற பக்கம் கீழ். அதனால்தான் தண்ணீர் விடும் வரியை இரண்டு சொத்துக்கும் பொதுவாகக் கடைசியில் வைத்திருக்கிறார். திசை என்று படித்தால், மேற்கே பள்ளத்தில் இருப்பவர் கிழக்கே மேட்டில் இருப்பவருக்குத் தண்ணீரைத் தடுக்காமல் விட வேண்டும் என்று ஆகும். தண்ணீர் மேடேறாது.

இதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. எனக்கே இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். அறிக்கை எழுதி முடித்தேன். "பழைய பத்திரத்தின்படி கிழக்குப்புறம் உள்ள பாதியே மேல்பாதி. விற்பனைப் பத்திரத்தில் கண்ட கிழக்குப்பாதி என்ற சொல் மூலப் பத்திரத்துக்கு மாறானது." அந்தக் கடைசி வரியை எழுதும்போது பேனா நின்றது என்று பொய் சொல்லமாட்டேன், நேராகத்தான் எழுதினேன்.

மார்ச் 14, வெள்ளி

தாக்கல் செய்தாகிவிட்டது.

மார்ச் 24, திங்கள்

கூண்டில் ஏற்றினார்கள். சடகோபன் முக்கால் மணி நேரம் என்னை உலுக்கி எடுத்தார். நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

"மேடம், முதல் சொத்து வயல். அதுல மேல்பாதி எது?"

"மேற்குப்பக்கம்."

"ரெண்டாவது சொத்து கரடு. அதுல மேல்பாதி?"

"கிழக்குப்பக்கம்."

கோர்ட் முழுக்கப் பார்க்கும்படி திரும்பி நின்றுகொண்டார். "ஒரே பத்திரம், ஒரே பேனா. ஒரே சொல் இங்க மேற்கு, அங்க கிழக்கு. அப்படித்தானே?"

"சொல்லுக்கு ஒரே அர்த்தம்தாங்க. ரெண்டு எடத்துலயும் மேல்னா தண்ணி வர்ற பக்கம்." மாடியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டதை அப்படியே சொன்னேன். நீதிபதி பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். சடகோபனுக்கு முகம் கறுத்தது.

"நீங்க என்ன தமிழ்ப் பண்டிதரா?"

"இல்லீங்க, சர்வேயர். நிலத்துல நின்னு பத்திரத்தைப் படிக்கறது என் வேலை."

"சரி. இந்த விற்பனைப் பத்திரம் எழுதுனது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"இருபத்தாறு வருச அனுபவம் உள்ளவர். அவர் தப்பா எழுதிட்டாருன்னு சொல்றீங்களா?"

கடைசி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். அடுத்த சாட்சி அவர் என்று எனக்கு அங்கே வந்துதான் தெரிந்தது. எடுத்துப்போன நீலச் சட்டையை இஸ்திரி போடாமல் உடுத்தியிருந்தார்.

"மத்த பத்திரம் எனக்குத் தெரியாதுங்க. இந்தப் பத்திரத்துல, இந்தச் சொல்லைத் தப்பா எழுதிட்டாரு."

"வீட்டுல ஏதாச்சும் மனஸ்தாபமா மேடம்?"

சிலர் சிரித்தார்கள். நீதிபதி அந்தக் கேள்வியை அனுமதிக்கவில்லை. ஆனால் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அனுமதிச்சாலும் பதில் அதேதாங்க" என்றேன். நீதிபதி என்னை உற்றுப் பார்த்தார்.

நேரம் ஆகிவிட்டதால் வீட்டுக்காரர் சாட்சியம் இன்று நடக்கவில்லை. நான் இறங்கி வந்தபோது கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது.

மார்ச் 25, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. தூக்கி உள்ளே வைக்க ஆள் இல்லை. நானே உருட்டி வைத்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

நீதிபதியே இடத்தைப் பார்க்க வரப்போகிறாராம். வருகிற சனிக்கு மறு சனி. இரண்டு பக்கத்தாரும் சாட்சிகளோடு வரவேண்டும் என்று உத்தரவு. பிரிட்டோ போனில் சொல்லிவிட்டு, "அக்கா, நம்ம அறிக்கையை நம்பலையோ?" என்றார். நம்பாவிட்டால் வந்து பார்க்கட்டும். நான் சொன்னதை அந்தக் கரடே சொல்லும்.

ஏப்ரல் 12, சனி

காலையிலிருந்தே புழுக்கம். ஓடையருகே ஜீப்புகள் நின்றன. நீதிபதி செருப்பை மாற்றிக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிட்டார். சடகோபன் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, நாலு இடத்தில் நின்று நின்று வந்தார். பொன்னுரங்கம், பிரிட்டோ, அத்தாயி, அவர் வக்கீல் எல்லாரும் ஏறினார்கள். தெய்வசிகாமணி மட்டும் பத்திரக் கட்டோடு ஜீப் அருகிலேயே நின்றுவிட்டார். கூப்பிட்டால் வருகிறேன் என்றாராம். என் பக்கம் அவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

நீதிபதி ஊற்றைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று கொஞ்ச தூரம் நடந்து பார்த்தார். கிழக்கு எல்லைக் கல் எது என்று கேட்டார். அது உச்சிப் பாறையின் மேல் இருக்கிறது. காட்டுவதற்காக நான் பாறைமீது ஏறினேன். ஏறி நிற்கும்போதே வானம் இருட்டிவிட்டது. கோடை மழை சொல்லிக்கொண்டா வரும்? பக்கத்துக் கரட்டில் ஒரு மின்னல் வெட்டி, காது அடைக்கிற மாதிரி இடி இடித்தது.

பள்ளத்திலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. அவர்தான். பத்திரக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக்கட்டி, பாதிக் காடு ஏறி ஓடிவந்திருந்தார்.

"சுலோ! பாறை மேல நிக்காத! இடி விழுகுது! கீழ எறங்கி வா! கீழ வா சுலோ!"

நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது அவர் என்னோடு பேசி.  இறங்கி வந்தேன். அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நீதிபதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவர் யாரு?"

"எங்க சாட்சிங்கம்மா" என்றார் சடகோபன். "பத்திரம் எழுதுனவர்."

"எங்க வரச் சொன்னீங்க அவங்களை?"

"கீழங்கம்மா" என்றார் இவர், இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டே.

"எந்தப் பக்கம்? கையைக் காட்டுங்க."

ஓடைப்பக்கம் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. மேற்கு. அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

சடகோபன் முந்திக்கொண்டார். "அம்மா, அது வாய்ப்பேச்சு. பத்திர பாஷை வேற."

நான் குறுக்கே பேசினேன். கோர்ட்டில் அப்படிப் பேசக்கூடாதுதான். "அம்மா, அவர் என் உசுருக்குப் பயந்து கத்துனதை நீங்க சாட்சியமா எடுக்க வேண்டாம். என் அறிக்கை தன் கால்லயே நிக்கும். அதுக்கு அவரை முட்டுக் கொடுக்க வேண்டியதில்லை."

"நீ சும்மா இரு சுலோ" என்றார் அவர். பிறகு கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிபதியைப் பார்த்துச் சொன்னார். "எடுத்துக்கங்கம்மா. இந்தக் காட்டை நான் இன்னைக்குத்தான் மொதமொதலா பாக்கறேன். முன்னாடியே பாத்திருந்தா கிழக்குன்னு எழுதியிருக்க மாட்டேன். நான் எழுதுனது தப்பு."

பொன்னுரங்கம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. எல்லாரும் எங்கே ஒதுங்குவது என்று முழித்தபோது அத்தாயி வாசலில் நின்று கையை ஆட்டினார்.

"வாங்க, அத்தனை பேரும் உள்ள வாங்க. வக்கீலய்யா, நீங்களுந்தான் வாங்க. இன்னைக்கு வரைக்கும் இது எம்பட ஊடுதான்."

சடகோபனும் போனார். வேறு என்ன செய்வார்?

திரும்பும்போது வீட்டுக்காரர் என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார்.  வீட்டு வாசலில் இறங்கியதும், "பிழைதிருத்தல் பத்திரம் எழுதோணும். திசையும் போட்டு, மேடு பள்ளமும் போட்டு எழுதறேன். நீ ஒருதடவை படிச்சுப் பாரு" என்றார். பாக்கறேன் என்றேன். நான்கு சட்டையையும் நாளைக்குப் போய் எடுத்துவருவாராம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

தீர்ப்பு வந்துவிட்டது. கிழக்குப்புறம் உள்ளதே மேல்பாதி. வீடும் ஊற்றும் அத்தாயிக்கு. பொன்னுரங்கம் ஓடைப்பக்கத்துப் பாதியை எடுத்துக்கொள்ளலாம். அவர் எங்கள்மேல் வழக்குப் போடுவாரா என்று தெரியாது. போட்டால் பார்த்துக்கொள்வோம். பதிவு ஆபீஸ் வாசலில் இந்த இரண்டு வாரத்தில் வீட்டுக்காரருக்கு வேலை குறைந்திருப்பது உண்மை. அதையும் பார்த்துக்கொள்வோம்.

தாழ்வாரத்தில் அத்தாயி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் அடங்கவில்லை. இவர் கொஞ்சம் தள்ளித் தூண் ஓரமாக நின்றார். அப்போது சடகோபன் கோப்புகளைக் கட்டிக்கொண்டு எங்களைக் கடந்து போனார். போகிறபோக்கில் சத்தமாகவே சொன்னார்.

"சந்தோசப்படாதீங்க. அப்பீலுக்கு நாங்க மேல போறோம்."

அத்தாயி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சடகோபனைப் பார்த்தார். இத்தனை மாதமாக அவர் வாயால் மேல் என்றால் மேற்கு, மேல் என்றால் மேற்கு என்று கேட்டுக் கேட்டு அந்தம்மாவுக்கும் பாடம் ஆகியிருந்தது.

"ஏனுங்க வக்கீலய்யா," என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல், "மேற்கயா போறீங்க?"

தாழ்வாரம் முழுக்கச் சிரித்தது. முதலில் சிரித்தது தெய்வசிகாமணி.